பிடிப்பில்லாத மண்ணில் மணிச்சத்து: பீட் நிலத்தில் புதிதாக இறங்குவோருக்கு

மணிச்சத்தைப் (பாஸ்பரஸைப்) பற்றி வேளாண் பாடத்தில் முதலில் சொல்லித் தருவது, அது மண்ணில் நகராது என்பதைத்தான். போட்ட இடத்திலேயே கிடக்கும். இரும்போ அலுமினியமோ சுண்ணாம்போ அதைப் பிடித்துக்கொள்ளும். போட்டதில் ஒரு சிறு பங்குதான் அந்தப் பருவத்துப் பயிருக்குக் கிடைக்கும். அதனால்தான் தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்து மேலுரமாக இடச் சொல்பவர்கள், மணிச்சத்தை மட்டும் முழுவதும் அடியுரமாக இட்டுவிடச் சொல்கிறார்கள். கொஞ்சம் கூடிப்போனாலும் கவலையில்லை, அடுத்த பயிருக்கு ஆகும் என்பது கணக்கு.

செம்மண்ணிலும் களிமண்ணிலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரிதான். தாவர எச்சமே படிந்து உருவான பீட் மண்ணில் தலைகீழாகிவிடும். அங்கே மணிச்சத்தைப் பிடித்து வைக்க ஆளில்லை. பயிரின் வேர் எடுக்காததை வடிகால் எடுத்துக்கொண்டு போகும். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு உண்மையிலிருந்து கிளைத்தவை.

பீட்டைக் கரிம மண் என்றும் சொல்வதுண்டு; அதைக் கேட்டு இயற்கை வேளாண்மை செய்யும் நிலம் என்று எண்ண வேண்டாம். நீர் தேங்கிய இடத்தில், காற்றுப் புகாமல், பாதி மட்கியும் மட்காமலும் தாவர எச்சமே அடுக்கடுக்காகப் படிந்து மண்ணாகிப்போன நிலத்தைப் பற்றித்தான் பேச்சு.

முதல் படி: எந்த வகைப் பீட் என்று கண்டுபிடியுங்கள்

மேல் 80 செ.மீ. ஆழத்துக்குள் குறைந்தது 40 செ.மீ. கனத்துக்கு அங்ககப் பொருள் இருந்து, அதில் கரிமம் எடைக்கணக்கில் 12 முதல் 18 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் கரிம மண் என்று வகைப்படுத்துகிறார்கள். களியின் பங்கு கூடக்கூட வரம்பும் 18-ஐ நோக்கிக் கூடும். வரையறை இவ்வளவுதான். ஆனால் ஒரே வரையறைக்குள் அடங்கும் இரண்டு நிலங்கள் மணிச்சத்தை நடத்தும் விதத்தில் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். ஆகவே இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: இந்தப் பீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மழைநீரை மட்டுமே குடித்து வளர்ந்த பாசிப் பீட்டில் (ஸ்பாக்னம் என்னும் நிலப்பாசி படிந்து உருவானது) இரும்பு, அலுமினியம், சுண்ணாம்பு எதுவும் பெரிதாக இருக்காது. அமில, கார நிலையைக் காட்டும் பி.எச். 3.5 முதல் 4.5 வரைதான் நிற்கும். எரித்துப் பார்த்தால் சாம்பல் பல நேரங்களில் 5 சதவீதம்கூடத் தேறாது. நிலத்தடி நீரோ ஆற்று வெள்ளமோ ஊட்டி வளர்த்த பீட் வேறு. கரைந்து வந்த கனிமங்களும் வண்டலும் அதில் சேர்ந்திருக்கும். பி.எச். 5-க்கு மேல், சில இடங்களில் 7 வரைகூடப் போகும். முன்னதில் மணிச்சத்து நிற்காது. பின்னதில் ஓரளவு நிற்கும்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு மட்கியிருக்கிறது? இதற்கு ஆய்வகம் தேவையில்லை, உங்கள் கை போதும். சுவீடன் நாட்டு ஆய்வாளர் லென்னார்ட் ஃபான் போஸ்ட் 1920-களில் வகுத்த பத்துப் படிச் சோதனையை இன்றும் களத்தில் பயன்படுத்துகிறார்கள். ஈரமான பீட்டை ஒரு கைப்பிடி எடுத்து, விரல்களை மூடி இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் வழிவது தெளிந்த நீராக இருந்து, கையைத் திறந்தால் இலையும் தண்டும் அடையாளம் தெரியும்படி நார்க்கட்டாக இருந்தால் அது முதல் படி. சற்றும் மட்காதது. கலங்கிய பழுப்பு நீரோடு கொஞ்சம் பீட்டும் பிதுங்கி வந்தால் ஐந்தாம் படி. மூன்றில் ஒரு பங்கு பிதுங்கினால் ஆறு; மூன்றில் இரண்டு பங்கு என்றால் எட்டு. தனியாக நீரே வராமல், முழுவதும் சேறாக விரலிடுக்கு வழியே நழுவி, கையில் எதுவும் மிஞ்சாவிட்டால் பத்து.

இந்த எண்ணை வயலின் நான்கைந்து இடங்களில், இரண்டு ஆழங்களில் பார்த்துக் குறித்து வையுங்கள். நார்ப்பீட்டில் துளைகள் பெரிது. பெருமழை பெய்தால் கரைந்த உரம் அவற்றின் வழியே விடுவிடுவென்று கீழே இறங்கிவிடும். நன்கு மட்கிய கரும் பீட்டில் நீர் மெதுவாகத்தான் நகரும், கனிமமும் செறிந்திருக்கும். பல ஆண்டு உழவு கண்ட நிலங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகைக்கு வந்திருக்கும்.

பிடிப்பு எங்கே போயிற்று?

இது படியல்ல. ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள். காரணம் புரியாமல் அளவை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், நிலம் மாறியதும் தடுமாறுவார்கள்.

சாதாரண மண்ணில் மணிச்சத்தைப் பிடிப்பவை மூன்று: இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள், களித்துகள்களின் விளிம்புகள், சுண்ணாம்பு. மணிச்சத்து மண்ணில் இருக்கும் வடிவமான பாஸ்பேட் எதிர்மின் சுமை கொண்டது. மட்கும் அப்படியே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே தூய அங்ககப் பொருள் எவ்வளவு இருந்தாலும், தனியாக அதனால் பாஸ்பேட்டைப் பிடித்து வைக்க முடியாது. இரும்போ அலுமினியமோ இடையில் புகுந்து ஒரு கையால் மட்கையும் மறுகையால் பாஸ்பேட்டையும் பற்றினால்தான் உண்டு. அந்த இடைத்தரகர்கள் இல்லாத மண்தான் பாசிப் பீட்.

போதாதென்று, மட்கிலிருந்து கரைந்து வரும் அங்கக அமிலங்கள், இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பு, அலுமினிய இடங்களையும் தாங்களே பிடித்துக்கொள்கின்றன. பாஸ்பேட் வந்து சேரும்போது இடம் நிரம்பியிருக்கும்.

பிடிப்பு என்று சொல்லத்தக்கதாக அங்கே மிஞ்சுவது நுண்ணுயிர்களின் பிடிப்பு. கரிமம் ஏராளமாகக் கிடக்கும் இடத்தில் மணிச்சத்து அரிதாக இருந்தால், உரம் விழுந்ததும் பாக்டீரியாவும் பூஞ்சையும் அதை உறிஞ்சித் தங்கள் உடலாக்கிக்கொள்கின்றன. ஒரு பங்கு மணிச்சத்துக்கு 300 பங்குக்கு மேல் கரிமம் இருந்தால் நுண்ணுயிர்கள் பயிரிடமிருந்து பறிக்கும்; 200-க்குக் கீழே வந்தால் மிச்சத்தை வெளியே விடும். இது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. புதிதாக உழும் பாசிப் பீட்டில் இந்த விகிதம் 300-ஐ எளிதாகத் தாண்டிவிடும். புது நிலத்தில் உரம் போட்டும் பயிர் சோர்ந்து நிற்பதற்கு இது முக்கியக் காரணம்.

ஆனால் இந்தப் பிடிப்பை நம்பிச் சேமிக்க முடியாது. மண் நன்றாகக் காய்ந்து பிறகு திடீரென்று நனைந்தால் நுண்ணுயிர்களின் செல்கள் வெடித்து, உள்ளிருந்த மணிச்சத்து ஒரே நாளில் கரைசலுக்கு வந்துவிடும். நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழையில் வடிகால் நீரில் மணிச்சத்து ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பக்கம், பீட்டுக்குள்ளேயே ஏராளமான மணிச்சத்து அங்கக வடிவில் உறங்குகிறது. பைட்டேட், பாஸ்போலிப்பிட், நியூக்ளிக் அமிலத் துணுக்குகள் என்று பல வடிவம். வேர்களும் நுண்ணுயிர்களும் சுரக்கும் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி அவற்றை அறுத்து, பயிர் எடுக்கும் பாஸ்பேட்டாக மாற்றுகிறது. வெப்பமும் காற்றும் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். குளிர்ந்து நீர் நிறைந்த மண்ணில் நொண்டியடிக்கும்.

நிலத்தை வடித்ததும் என்ன நடக்கிறது என்பதற்கு இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் ஹோம் ஃபென் பகுதியில் 1850-களின் தொடக்கத்தில் ஓர் இரும்புத் தூணைப் பீட்டுக்குள் இறக்கி, தலை நிலமட்டத்தோடு இருக்கும்படி நட்டார்கள். இன்று அது ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே நிற்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் பெல் கிளேட் என்னும் ஊரில் 1924-ல் அடிப்பாறை வரை இறக்கிய 2.7 மீட்டர் கான்கிரீட் தூணும் இப்போது பெரும்பகுதி வெளியே தெரிகிறது. தூண்கள் எழும்பவில்லை, மண் கரைந்தது. ஒரு பகுதி சுருக்கமும் இறுக்கமும். மற்றது, காற்றுப் பட்டதும் பீட் நெருப்பில்லாமலே, நுண்ணுயிர்களால் சிதைந்து, மெல்ல எரிந்து கரியமில வாயுவாகப் போனது.

கரிமம் காற்றோடு போகும். அதனோடு இருந்த மணிச்சத்து போகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டர் பீட்டின் எடை 0.25 கிராம், அதில் மணிச்சத்து 0.1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில் 1 செ.மீ. மண் என்றால் 25 டன். அதிலுள்ள பாஸ்பரஸ் 25 கிலோ. ஒரு செ.மீ. மண் எரிந்து மறையும்போது, நீங்கள் மூட்டை அவிழ்க்காமலே அவ்வளவும் விடுபடுகிறது. சில பயிர்களுக்கு ஒரு பருவத்துக்கு இதுவே போதும். பல ஆண்டாக வடித்து உழுத பீட் நிலத்தில் பழக்கத்துக்காகப் போடும் மணிச்சத்து எவ்வளவு தேவையற்றது என்று இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: மண் ஆய்வு அறிக்கையை அப்படியே நம்பாதீர்கள்

புதியவர்கள் ஏமாறும் இடம் இது. ஆய்வகம் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எண் தரும். அந்த எண்ணுக்கு எதிரே குறைவு, நடுத்தரம், மிகுதி என்று ஒரு சொல்லும் இருக்கும். அந்தச் சொல் பெரும்பாலும் கனிம மண்ணை மனதில் வைத்து எழுதப்பட்டது.

வேர்கள் மண்ணின் எடைக்குள் வாழ்வதில்லை, கனஅளவுக்குள் வாழ்கின்றன. சாதாரண மண்ணின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் என்றால், 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு ஹெக்டேரில் 1,950 டன் மண் இருக்கிறது. அறிக்கை 50 மில்லிகிராம் என்றால் அது 97.5 கிலோ பாஸ்பரஸ். அடர்த்தி 0.2 மட்டுமே உள்ள பீட்டில் அதே ஆழத்துக்கு மண் 300 டன்தான். அதே 50 மில்லிகிராம் வெறும் 15 கிலோவாகச் சுருங்கிவிடும். அறிக்கை இரண்டுக்கும் ‘மிகுதி’ என்றே சொல்லும்.

ஆகவே மண் மாதிரி எடுக்கும்போதே அடர்த்தியையும் அளந்துவிடுங்கள். கனஅளவு தெரிந்த ஒரு உலோக வளையத்தை மண்ணில் செங்குத்தாக அழுத்தி, உள்ளிருக்கும் மண்ணைக் கொட்டாமல் எடுத்து, உலர்த்தி, எடை போட வேண்டும். பீட்டை அமுக்கிவிடாமல் விளிம்பைச் சுற்றிக் கூர்மையான கத்தியால் நாரை வெட்டிக்கொண்டே இறக்குங்கள். அமுங்கிய பீட் பொய் சொல்லும். பிறகு கணக்கு எளிது: மில்லிகிராம் எண்ணை அடர்த்தியால் பெருக்கி, செ.மீ. ஆழத்தால் பெருக்கி, பத்தால் வகுத்தால் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று கிடைக்கும். ஆய்வகமே கனஅளவுக் கணக்கில் அறிக்கை தருமானால் இன்னும் நல்லது. முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

எந்தக் கரைசலால் பிரித்தெடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். அமிலப் பீட்டுக்கு பிரே அல்லது மெலிக்-3 முறை பொருந்தும். சுண்ணாம்பு கலந்த, பி.எச். உயர்ந்த பீட்டுக்கு ஓல்சன் முறை. கூடவே வெறும் நீரில் கரையும் மணிச்சத்தையும் அளக்கச் சொல்லுங்கள். இந்த எண் மற்ற மண்களில் பொதுவாகச் சிறியது. பீட்டில் அப்படியல்ல: பயிருக்கு இன்று கிடைப்பதையும் நாளை மழையில் போகப்போவதையும் ஒருசேரக் காட்டுவது இதுதான். எரித்துச் சாம்பல் அளவு பார்க்கும் சோதனையையும், இரும்பு, அலுமினியம், கால்சியம் அளவையும் ஒரு தடவை செய்துகொண்டால் போதும். ஆண்டுதோறும் தேவையில்லை.

மூன்றாம் படி: சுண்ணாம்பில் கை அடக்கம்

கனிம மண்ணில் பி.எச். 6.5-ஐ இலக்காக வைத்துப் பழகியவர்கள் பீட்டிலும் அதையே தேடுவார்கள். வேண்டாம். அமில மண்ணில் வேரைக் கருக்குவது பெரும்பாலும் கரைந்த அலுமினியம். பீட்டில் அது குறைவு. இருப்பதையும் மட்கு கட்டிப்போட்டுவிடுகிறது. அதனால் பெரும்பாலான பயிர்களுக்கு 5 முதல் 5.5 வரை போதும்.

அதற்கு மேல் ஏற்றினால் மூன்று தொல்லைகள். பீட் எரியும் வேகம் கூடும். ஏற்கெனவே குறைவாக உள்ள துத்தநாகம், மாங்கனீசு போன்றவை இன்னும் கிடைக்காமல் போகும். பி.எச். 7-ஐத் தாண்டிவிட்டால் மணிச்சத்து கால்சியத்தோடு சேர்ந்து கரையா உப்பாகப் படியும். அடியில் சுண்ணாம்புப் பாறை உள்ள ஆழமற்ற பீட் நிலங்களில், நீங்கள் எதுவும் போடாமலே, உழவின்போது பாறைத்தூள் மேலே வந்து இந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். அங்கே சுண்ணாம்புப் பேச்சே கூடாது.

நான்காம் படி: எந்த உரம்?

மூட்டையில் அச்சிட்டிருக்கும் சதவீதம் பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு. ஆய்வு அறிக்கையில் வருவது பெரும்பாலும் பாஸ்பரஸ் தனிமக் கணக்கு. தனிமத்தை 2.29-ஆல் பெருக்கினால் மூட்டைக் கணக்கு வரும். ஹெக்டேருக்கு 15 கிலோ பாஸ்பரஸ் வேண்டுமென்றால் அது 34 கிலோ பென்டாக்சைடு. 46 சதவீத டிரிபிள் சூப்பர் பாஸ்பேட் என்றால் 75 கிலோ. 16 சதவீத சிங்கிள் சூப்பர் பாஸ்பேட் என்றால் 215 கிலோ.

அமிலப் பாசிப் பீட்டுக்கு என் முதல் தேர்வு ராக் பாஸ்பேட், அதாவது பாஸ்பேட் பாறையை அரைத்த தூள். களர் நிலத்திலோ நடுநிலை மண்ணிலோ கல்லாகக் கிடக்கும் இந்தத் தூள், பி.எச். 5.5-க்குக் கீழே உள்ள ஈரப் பீட்டில் மெல்லக் கரையும். அமிலம் மிகுதி, கால்சியம் குறைவு, கரைசலில் மணிச்சத்தும் குறைவு என்று அது கரைவதற்கு வேண்டிய மூன்றும் அங்கே அமைந்திருக்கின்றன. கரையும் வேகமும் பயிர் எடுக்கும் வேகமும் ஓரளவு ஒத்துப்போவதால், பெருமழைக்கு இழப்பதும் குறையும். பல்லாண்டுப் பயிர்களுக்கும் தோட்டங்களுக்கும் இது குறிப்பாகப் பொருந்தும். ஆனால் சுண்ணாம்பையும் ராக் பாஸ்பேட்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். சுண்ணாம்பு அமிலத்தைத் தின்றுவிடும், கால்சியத்தையும் ஏற்றிவிடும். ராக் பாஸ்பேட் கரையாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

ஒரே பருவத்தில் முடியும் கீரை, காய்கறிப் பயிர்கள் அவ்வளவு காத்திருக்காது. அவற்றுக்கு நீரில் கரையும் உரம்தான். டி.ஏ.பி.யை (டை அம்மோனியம் பாஸ்பேட்டை) விதைக்கு ஒட்டிப் போட்டால், குருணையைச் சுற்றிக் காரத்தன்மை ஏறி அம்மோனியா கிளம்பி முளையைக் கருக்கக்கூடும். சற்று விலக்கிப் போடுங்கள், அல்லது மோனோ அம்மோனியம் பாஸ்பேட்டுக்கு மாறுங்கள். கந்தகமும் தேவைப்பட்டால் சிங்கிள் சூப்பர் பாஸ்பேட்.

பாஸ்போபாக்டீரியா பற்றிப் பலர் கேட்கிறார்கள். மண்ணில் இறுகிப் பிடிபட்ட மணிச்சத்தைக் கரைத்துக் கொடுப்பது அதன் வேலை. பிடிபட்டதே குறைவாக உள்ள பாசிப் பீட்டில் அதற்குப் பெரிய வேலை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சுண்ணாம்பு கலந்த பழைய பீட்டில் சிறு பாத்தியில் முயன்று பார்க்கலாம்.

ஐந்தாம் படி: வேரின் வாயருகே, கொஞ்சம் கொஞ்சமாக

கனிம மண்ணில் உரத்தை வரிசையாக, விதையோரம் இடச் சொல்வது, மண் அதைப் பிடித்துக்கொள்ளாமல் தப்பிக்க. பீட்டிலும் அதையே சொல்கிறோம், ஆனால் காரணம் வேறு. இங்கே வேருக்கும் வடிகால் நீருக்கும் போட்டி. வேர் முந்த வேண்டும். வயல் முழுக்கத் தூவினால், இளம்பயிரின் வேர் எட்டாத இடங்களில் விழுந்ததெல்லாம் தண்ணீருக்குப் போட்ட உரம்.

விதையிலிருந்து பக்கவாட்டில் 5 செ.மீ. தள்ளி, 5 செ.மீ. கீழே ஒரு கோடாக இடுங்கள். காய்கறிப் பயிர்களில், தூவும் அளவைவிடக் கணிசமாகக் குறைத்தே இதில் அதே விளைச்சல் எடுக்க முடியும். குளிர்ந்த பருவத்தில் நடும்போது இது இன்னும் முக்கியம். மண்ணின் அங்கக மணிச்சத்து விழித்தெழும்வரை நாற்றுக்குக் கைகொடுப்பது அந்தச் சிறு கோடுதான்.

முழுவதையும் அடியுரமாக இடும் பழக்கத்தைச் சாம்பல் குறைந்த பாசிப் பீட்டில் கைவிடுங்கள். நீரில் கரையும் உரமாக இருந்தால் இரண்டாக, மழைக்காலமென்றால் மூன்றாகப் பிரியுங்கள். பல நாள் மழை வருமென்று முன்னறிவிப்பு இருந்தால் தள்ளிப் போடுங்கள். கனிமம் செறிந்த பழைய பீட்டில் பிரிக்கத் தேவையில்லை, ஒரே கோடு போதும்.

காய்ந்து தூளாகிப்போன பீட்டின் மேல் கரையும் உரத்தைப் போடாதீர்கள். ஒரு தடவை முற்றிலும் உலர்ந்த பீட் தண்ணீரை ஏற்க மறுக்கும். மேலே ஒரு குவளை நீரை ஊற்றிப் பாருங்கள்: முத்து முத்தாக உருண்டு, கிடைத்த வெடிப்பில் இறங்கி மறைந்துவிடும், இரண்டு விரற்கடை ஆழத்தில் தோண்டினால் மண் காய்ந்தே இருக்கும். உரம் போனதும் அந்த வெடிப்பு வழிதான். முதலில் மெல்லிய தூறலாக, இடைவெளி விட்டு நீர் பாய்ச்சி மண்ணை நனைய வைத்துவிட்டு, பிறகு உரம்.

ஆறாம் படி: வடிகாலும் உங்கள் வயல்தான்

ஒரு கிலோ பாஸ்பரஸ், ஒரு கோடி லிட்டர் நீரை லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்ற அளவுக்கு ஏற்றும். ஏரியும் குளமும் பச்சைப் பாசி பிடித்து நாற அதைவிடக் குறைந்த செறிவே போதும். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துக்கு அங்கே வகுத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதற்கு வடக்கே உள்ள பீட் வேளாண் பகுதி, வெளியேற்றும் மணிச்சத்துச் சுமையைப் பழைய ஆண்டுகளை ஒப்பிட 25 சதவீதம் குறைக்க வேண்டுமென்று விதியே உண்டு. அதற்காக அங்கே கைக்கொண்ட முறைகளில் பல எந்தப் பீட் நிலத்துக்கும் பொருந்தும்.

மழை விட்டதும் பம்பை ஓட்டாதீர்கள். பயிர் தாங்கும்வரை நீரை வயலிலும் வாய்க்காலிலும் நிறுத்தி வையுங்கள். ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி மண்ணுக்குள் போகும். வெளியேறும் நீரின் அளவு குறைந்தாலே சுமை குறையும். பம்பை ஓட்டும்போதும் மெதுவாக ஓட்டுங்கள். வேகமாக இழுத்தால் வாய்க்காலின் அடிச்சேறும் கிளம்பிவிடும். மிதக்கும் களைகளையும் விட்டுவைக்காதீர்கள். அவை கரைந்த மணிச்சத்தைத் தின்று கொழுத்து, மடிந்து, மெல்லிய சகதியாக அடியில் படிகின்றன. அடுத்த பெருமழையில் அடித்துக்கொண்டு போவது அந்தச் சகதிதான். களையையும் சேற்றையும் வாரி வயலிலேயே போட்டால் உங்கள் உரம் உங்களுக்கே திரும்பும்.

நீர்மட்டத்தைப் பயிர் தாங்கும் அளவுக்கு உயர்த்தி வைப்பது பீட் எரிவதைத் தாமதப்படுத்தும், மணிச்சத்து விடுபடுவதையும் குறைக்கும். ஆனால் பல ஆண்டு உரம் கண்ட நிலத்தை ஒரேயடியாக நீரில் மூழ்கடிப்பதில் எச்சரிக்கை வேண்டும். காற்றுப் போனதும் துருநிற இரும்பு வேறு வடிவத்துக்கு மாறிக் கரையும். அது பிடித்து வைத்திருந்த பாஸ்பேட்டும் அதனோடு அவிழ்ந்து கரைசலுக்கு வந்துவிடும். அப்படி மூழ்க வைத்த நிலத்து நீரை உடனே வெளியே திறந்துவிடாதீர்கள்.

ஏழாம் படி: பயிரைப் படியுங்கள்

பழைய இலைகள் மங்கிய கரும்பச்சையாகி, விளிம்பில் ஊதா ஏறி, செடி குட்டையாக நின்றால் மணிச்சத்துப் பற்றாக்குறை என்று எல்லோரும் சொல்வார்கள். குளிரிலும் நீர்த் தேக்கத்திலும் இதே தோற்றம் வரும். வெயில் ஏறிப் பத்து நாளில் தானே தேறினால் உரம் தேவையில்லை. தேறாவிட்டால் இலையை ஆய்வுக்கு அனுப்புங்கள்.

இளம் இலைகளில் நரம்புகளுக்கிடையே வெளிறினாலோ இலை சிறுத்தாலோ, பீட்டில் முதலில் துத்தநாகத்தைச் சந்தேகியுங்கள். மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகம் பயிருக்கு எட்டாது. செம்பை மட்கே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். புதிதாகச் சீர்திருத்திய பீட் நிலங்களில் தானியப் பயிர்களின் நுனி வெளுத்து, கதிர் பிடிக்காமல் போன கோளாறுக்குச் செம்புப் பற்றாக்குறைதான் காரணம் என்று பின்னால் தெரியவந்தது. இந்த நிலையில் ‘பயிர் எழவில்லை’ என்று இன்னும் ஒரு மூட்டை மணிச்சத்தை அவிழ்த்தால் கோளாறு முற்றும்.

தொட்டியில் பீட் கலவை வைத்துச் செடி வளர்ப்பவர்களுக்கும் இதே இயல்புதான் பொருந்தும். கரையும் மணிச்சத்தைக் கலவையில் மொத்தமாகக் கலந்தால், முதல் சில பாசனத்திலேயே பெரும்பகுதி தொட்டியின் அடித்துளை வழியே போய்விடும். நீரில் மிகக் குறைந்த செறிவில், தொடர்ந்து கொடுங்கள்.

வயலுக்கு வருவோம். ஒவ்வொரு பருவமும் நான்கைந்து வரிசைகளை மணிச்சத்தே போடாமல் விட்டுவையுங்கள். இரு முனையிலும் குச்சி நட்டு, மற்ற உரங்களை வழக்கம்போல் இடுங்கள். அறுவடையின்போது அந்த வரிசைகளைத் தனியாக எடை போட வேண்டும். மற்ற வரிசைகளுக்குச் சமமாக வந்தால், அடுத்த பருவம் விதையோரக் கோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தூவும் உரத்தை முழுவதும் வெட்டிவிடலாம். குறைந்து வந்தால் எவ்வளவு குறைந்தது என்று எழுதி, மண் மாதிரியோடு ஆய்வகத்துக்கு அனுப்பி, அதன் பிறகு அளவை முடிவு செய்யுங்கள்.